தீபாவளி ஸ்டாலுக்கு நாமே போடும் சேலை கேட்டலாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் ஓரகத்தியும் மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடி, கண்டாங்கி, சாதா காட்டன் சேலைகள் விற்கிறோம். கடை கிடையாது. தீபாவளிக்கு முன்னால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒருநாள், இரண்டுநாள் விற்பனை போடுவார்கள். அங்கே ஓர் ஆறடி மேசையை வாடகைக்கு எடுத்து உட்காருவோம். வருகிறவர்கள் கையில் எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். அதைப் புரட்டிப் பார்க்கும் பக்கத்து ஸ்டால்காரர்கள், "இதை எங்கே அடிச்சீங்க, எப்படிப் பண்ணீங்க?" என்று வருஷா வருஷம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் இங்கே பதில்.

நேரில்தானே சேலையைப் பார்க்கிறார்கள்? அப்புறம் கேட்டலாக் எதற்கு?

ஸ்டாலில் நின்று வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது தேவையில்லை. "நல்லா இருக்குக்கா, வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்காகத்தான் கேட்டலாக். எங்கள் மேசைக்கு வருகிறவர்களில் அவர்கள்தான் அதிகம். முதல் வருஷம் அவர்களை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் உண்மையிலேயே கேட்பார்கள். ஆனால் எந்தச் சேலை, என்ன விலை, யாரிடம் பார்த்தோம் என்பது ராத்திரிக்குள் மறந்துபோகும். மாமியாரிடமோ அக்காவிடமோ எடுத்துக் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் நமக்குப் பதிலாக அந்தப் புத்தகம் பேச வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிது. எந்தப் பக்கம் செய்தாலும், 'நான் பக்கத்தில் இல்லாதபோது இதைப் பார்த்து ஒருவர் சேலை கேட்க முடியுமா?' என்று யோசித்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பிலேயே கேட்டலாக் போடலாமே, அது போதாதா?

அதுவும் வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸில் 500 பொருள் வரை ஏற்றலாம், காசு கிடையாது, விற்றுப்போனதை உடனே எடுத்துவிடலாம். ஆனால் அதைப் பார்க்க உங்கள் எண்ணோ கேட்டலாக்கின் லிங்கோ அவர்கள் போனில் இருக்க வேண்டும். சேலை வாங்கும் பாட்டிமார் பலர் தாளில் பார்ப்பதைத்தான் விரும்புகிறார்கள். ஹாலில் சிக்னல் இல்லாத நாளையும் பார்த்திருக்கிறேன். அச்சுப் புத்தகத்தில் பன்னிரண்டு சேலை, மீதி எல்லாம் போனில். இதுதான் எங்கள் ஏற்பாடு.

எத்தனை பக்கம் போட வேண்டும்?

நான்கின் மடங்கில்: 4, 8, 12, 16. ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் வரும், அதனால்தான். பத்துப் பக்கம் என்று திட்டம் போட்டுக்கொண்டு போனால் பிரஸ்காரர் இரண்டு வெற்றுப் பக்கம் சேர்ப்பார்.

ஓர் ஆறடி மேசைக்கு 8 பக்கம் தாராளம். முன் அட்டையில் பெயரும் ஒரே ஒரு பெரிய படமும். இரண்டாம் பக்கத்தில் நாம் யார், சேலை எங்கிருந்து வருகிறது என்று நாலு வரி. 3 முதல் 6 வரை பக்கத்துக்கு மூன்று சேலை. ஏழாம் பக்கத்தில் துவைக்கும் முறை, மாற்றித் தரும் விதி, கூரியர் விவரம். பின் அட்டையில் போன் எண், பணம் அனுப்ப க்யூஆர் கோடு. எல்லாச் சேலையையும் அடைக்க ஆசை வரும். அடைத்தால் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும், முந்தி எது பார்டர் எது என்றே தெரியாது.

ஏ4 தாளில் அச்சடித்து மடித்தால் பக்க வரிசை மாறிவிடுகிறதே?

எட்டுப் பக்கப் புத்தகத்துக்கு இரண்டு ஏ4 தாள். அகலவாட்டில் வைத்து முதல் தாளின் முன்புறம் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 1. பின்புறம் 2, 7. இரண்டாம் தாளின் முன்புறம் 6, 3. பின்புறம் 4, 5. ஒரே முகத்தில் வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 9 வரும். பன்னிரண்டு பக்கமானால் 13. இப்படிச் சரிபார்த்துக்கொண்டால் தப்பே வராது. கம்ப்யூட்டரிலிருந்து அச்சடித்தால் அடோபி ரீடரிலேயே 'புக்லெட்' என்ற தேர்வு இருக்கிறது, வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் அடிக்கும்போது தாளின் குட்டை ஓரம் வழியாகப் புரட்டச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

முதலில் வெற்றுத் தாளை மடித்துப் பென்சிலால் 1 முதல் 8 வரை எண் போட்டு ஒரு மாதிரிப் புத்தகம் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை. நான் இன்றுவரை அதைச் செய்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன்.

போட்டோவை ஸ்டுடியோவில் எடுக்க வேண்டுமா?

வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும். வெளிச்சம்தான் முக்கியம்.

காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், நேர் வெயில் படாத ஜன்னலோரம் அல்லது வராந்தா. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். பாதி பகல் வெளிச்சம், பாதி டியூப்லைட் என்று கலந்தால் ஒரே சேலையில் இரண்டு நிறம் தெரியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ஜரிகை வெள்ளைக் கோடாகிவிடும். சுவரின் நிறத்தையும் பாருங்கள். எங்கள் மாடிச் சுவருக்கு இளம்பச்சை வண்ணம் அடித்திருந்தோம். அதன் முன்னால் எடுத்த மாம்பழ மஞ்சள் சேலை எல்லாம் எலுமிச்சை நிறத்தில் வந்தது. பச்சை அதில் பிரதிபலிக்கிறது என்று புரியவே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. இப்போது பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுகிறோம்.

முதல் படத்தில் மட்டும் சேலையோரம் ஒரு வெள்ளை ஏ4 தாளை வையுங்கள். போனின் எடிட்டில் 'வார்ம்த்' என்பதை நகர்த்தி, அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அதே அளவை அன்றைக்கு எடுத்த எல்லாப் படத்துக்கும் வையுங்கள். பளபளப்புக் கூட்டும் ஃபில்டர் எதுவும் கூடாது.

பக்கத்தில் போய் எடுக்காதீர்கள், பார்டர் வில் மாதிரி வளையும். இரண்டடி பின்னால் வந்து 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். ஒரு சேலைக்கு மூன்று படம் வேண்டும்: முழுச் சேலை கொடியில் விரித்தபடி, முந்தி, அப்புறம் துணியின் நெசவு தெரியும்படி பார்டர். மூன்றாவது படத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் புள்ளி எவ்வளவு சின்னது, பார்டர் எவ்வளவு அகலம் என்று யாரும் கேட்கத் தேவையிருக்காது.

படத்தை இன்னொருவருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ5 பக்கம் (மடித்த ஏ4, அதாவது ஏ4இல் பாதி) முழுக்க ஒரு படம் வைப்பதென்றால் அகலம் ஏறக்குறைய 1750 பிக்சல். இப்போதைய போன்கள் எல்லாம் அதைவிடப் பெரிதாகவே எடுக்கும். நடுவில் சுருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கூகுளில் கிடைக்கும் படத்தையோ மொத்த வியாபாரி அனுப்பிய மாடல் படத்தையோ போடலாமா?

கூடாது. அது உங்கள் சேலையின் படமே இல்லை. அடுத்தவர் எடுத்த படத்தைக் கேட்காமல் அச்சடிப்பதும் தவறு. கட்டிக் காட்ட ஆள் வேண்டுமென்றால் வீட்டுப் பெண்ணைக் கேளுங்கள். அவள் சம்மதித்தால் மட்டும். முகம் வேண்டாம் என்றால் கழுத்துக்குக் கீழே எடுங்கள். இந்தப் புத்தகம் யார் யார் கைக்கோ போகும்.

போனில் சரியாகத் தெரியும் நிறம் அச்சில் மாறிவிடுகிறது. ஏன்?

போன் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையைக் கலக்கிறது. திரையில் தெரியும் சில நிறங்களை இந்த நான்கு மையால் கொண்டுவர முடியாது. ராணி பிங்க், கிளிப்பச்சை, எம்.எஸ். ப்ளூ, மயில்கழுத்து எல்லாம் கொஞ்சம் மங்கித்தான் வரும். அரக்கு சிவப்பாகிவிடும்.

எங்கள் இரண்டாவது வருஷக் கேட்டலாக்கில் அரக்குக் கண்டாங்கி தக்காளிச் சிவப்பாக வந்தது. அதைப் பார்த்து ஓர் அம்மா போனில் சொல்லி வாங்கினார். பிரித்துப் பார்த்தவர் "நான் கேட்டது இது இல்லையேம்மா" என்றார். அவர் மேல் தப்பில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து படத்துக்குக் கீழே நிறத்தின் பெயரை எழுத்தில் எழுதுகிறோம்: அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வெங்காயத் தோல் நிறம். 'மெரூன்' என்று எழுதினால் ஆளாளுக்கு ஒன்று நினைப்பார்கள். 'அரக்கு' என்றால் நம் ஊரில் சேலை கட்டும் எவருக்கும் அது எந்த நிறம் என்று தெரியும்.

மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி ப்ரூஃப் எடுத்து, சேலையைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

படத்துக்குக் கீழே என்ன எழுத வேண்டும்?

குறியீட்டு எண், சேலையின் பெயர், நிறம், நூல், நீளம், ப்ளவுஸ் உண்டா இல்லையா. நீளத்தை 'ஃபுல் சேலை' என்று எழுதாமல் மீட்டரில் எழுதுங்கள். ப்ளவுஸ் இல்லாமல் 5.5 மீட்டர், ப்ளவுஸோடு 6.2 மீட்டர் என்பது போல. டேப்பை வைத்து அளந்து எழுதுங்கள், வியாபாரி சொன்னதை அப்படியே எழுத வேண்டாம்.

அப்புறம், எனக்கு ரொம்ப முக்கியமாகப் படும் ஒன்று. எப்படிச் செய்த சேலை என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். சுங்குடியையே எடுத்துக்கொள்வோம். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை அது. துணியைக் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். கட்டும் வேலை பெரும்பாலும் பெண்கள் கையில்தான். இன்று அதே பெயரில் மெழுகு அச்சுச் சேலையும், ஸ்கிரீன் பிரிண்ட் சேலையும் விற்கிறார்கள், நாங்களும் விற்கிறோம். அவையும் கட்ட நன்றாகவே இருக்கும், விலையும் கைக்கு அடங்கும். ஆனால் மூன்றையும் வெறுமனே 'சுங்குடி' என்று போட்டால், நாள்கணக்கில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டவரின் உழைப்பு பிரிண்ட் விலையோடு போட்டி போட வேண்டியதாகிவிடும்.

அதனால் எங்கள் கேட்டலாக்கில் 'கைக்கட்டுச் சுங்குடி', 'மெழுகு அச்சு', 'பிரிண்ட்' என்று தனித்தனியாகப் போடுகிறோம். கைக்கட்டுக்கு மட்டும் ஒரு பெரிய நெருக்கப் படம் உண்டு. புள்ளி ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருக்காது, ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும், முடிச்சு இருந்த இடம் விரலில் சின்ன மேடாகத் தட்டுப்படும். துணியைத் திருப்பினால் பின்புறமும் புள்ளி அதே தெளிவோடு இருக்கும். இந்த நான்கு அடையாளத்தையும் படத்துக்குப் பக்கத்தில் எழுதிவைத்தோம். "ஏன் இது மட்டும் இவ்வளவு விலை?" என்ற கேள்வி அந்த வருஷத்திலிருந்து வெகுவாகக் குறைந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு, சேலையைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறார்கள்.

'புவிசார் குறியீடு பெற்றது' என்று போட்டுக்கொள்ளலாமா?

மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது, காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல். இதைத் தகவலாகச் சொல்வது வேறு, உங்கள் சேலைக்கு அந்த முத்திரையைக் குத்துவது வேறு. புவிசார் குறியீட்டுச் சட்டப்படி பதிவு பெற்ற பயனாளர்கள்தான் அதைப் பயன்படுத்தலாம். நீங்கள் வாங்கும் இடம் அப்படிப் பதிவு பெற்றதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை லோகோ போட வேண்டாம்.

விலையை அச்சடிக்கலாமா?

கட்டாயம் தெரிய வேண்டும். 'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டால் பாதிப் பேர் அழைக்க மாட்டார்கள், கூச்சப்படுவார்கள். ஆனால் புத்தகத்துக்குள் அச்சடிக்காதீர்கள். குறியீட்டு எண்ணும் விலையும் மட்டும் ஒரு துண்டுத் தாளில் தனியாக அடித்து உள்ளே செருகுங்கள். நூல் விலை ஏறினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், புத்தகம் பொங்கலுக்கும் சித்திரைக்கும் உதவும். துண்டுத் தாளில் தேதி போட மறக்காதீர்கள். 'இந்த விலை இந்த மாதக் கடைசி வரை' என்ற ஒரு வரி பின்னால் வரும் மனவருத்தத்தைத் தவிர்க்கும்.

ஒரே ஒரு சேலைதான் இருக்கிறது. விற்றுப்போனால் கேட்டலாக் வீணாகிவிடாதா?

தனிச் சேலைகளை வாட்ஸ்அப்பில் போடுங்கள். மறுபடி நெய்யச் சொல்லிவைக்க முடிகிறதை, குறைந்தது நாலைந்து இருப்பில் இருக்கிறதை மட்டும் அச்சில் கொண்டுவாருங்கள். கைக்கட்டில் இரண்டு சேலை ஒரே மாதிரி அமையாது. அதற்கு 'புள்ளி அமைப்பு சேலைக்குச் சேலை சற்று மாறும்' என்று கீழே எழுதிவிடுங்கள்.

தமிழ் எழுத்து உடைந்து வருகிறதே?

இதில் நாங்கள் நன்றாகவே அடிபட்டிருக்கிறோம். ஒரு வருஷம் வீட்டில் அழகாகத் தட்டச்சு செய்து வேர்ட் ஃபைலாக ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். அவர்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை, மென்பொருளும் பழையது. கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்தது. 'சேலை' என்ற சொல்லே படிக்க முடியாமல் கிடந்தது. அவசரத்தில் அவர்கள் மறுபடி தட்டியபோது எங்கள் போன் எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. விற்பனைக்கு முந்தின ராத்திரி, நூறு புத்தகத்திலும் பின் அட்டையில் பேனாவால் எண்ணைத் திருத்தினோம். விரல் மரத்துப்போனது.

யூனிகோடு எழுத்துருவிலேயே செய்யுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் எல்லாம் இலவசம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால் இன்னொரு கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கடைசியில் அச்சகத்துக்கு பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், வேர்ட் ஃபைல் கொடுக்காதீர்கள். பிடிஎஃபை வேறு இரண்டு போனில் திறந்து, 'கொ', 'கோ', 'கௌ', 'ஸ்ரீ' சரியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். எழுத்தளவு 11 அல்லது 12க்குக் குறைய வேண்டாம். நம் எழுத்து சுழி நிறைந்தது, சின்னதாக்கினால் அடைத்துக்கொள்ளும்.

போன் எண்ணை ப்ரூஃப் தாளில் பார்த்து அழைத்துப் பாருங்கள். உங்கள் போன் மணி அடித்தால்தான் அச்சுக்குச் சரி சொல்ல வேண்டும்.

எந்த மென்பொருள் நல்லது?

கேன்வா போதும். இலவசக் கணக்கிலேயே ஏ5 அளவு வைத்து, தமிழ் எழுத்துருவோடு செய்யலாம். பதிவிறக்கும்போது 'பிடிஎஃப் பிரிண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அட்டைப் படம் தாளின் ஓரம் வரை போகிறதென்றால் சுற்றி 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள், வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாது.

சிவகாசியில் கொடுக்கலாமா, பக்கத்து ஜெராக்ஸ் கடையா?

எண்ணிக்கையைப் பொறுத்தது. சிவகாசி பிரஸ்களில் அடிக்கும் ஆஃப்செட் அச்சில் பிளேட் (பக்கம் பதிந்த உலோகத் தகடு) போடும் செலவு பத்துப் பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் ஐந்நூறு, ஆயிரம் என்று போகும்போதுதான் லாபம். முப்பது, ஐம்பது, நூறு என்றால் கலர் ஜெராக்ஸோ டிஜிட்டல் பிரிண்டோதான் கட்டுப்படியாகும். ஏ4 தாளின் ஒரு முகத்துக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு தாள், நான்கு முகம், ஒரு புத்தகம் நாற்பது ரூபாய். முப்பது புத்தகம் ஆயிரத்து இருநூறு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எத்தனை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். தீபாவளி நெருங்கும்போது இயந்திரமெல்லாம் காலண்டரும் டைரியுமாக ஓடிக்கொண்டிருக்கும். நம் ஐம்பது பிரதிக்கு அப்போது இடம் கேட்பது கஷ்டம்.

என்ன தாள்? எப்படித் தைப்பது?

உள்ளே 130 ஜிஎஸ்எம் கனமுள்ள ஆர்ட் பேப்பர் நிறத்தை நன்றாகக் காட்டும். எட்டுப் பக்கத்துக்குத் தனி அட்டை தேவையில்லை. வீட்டு ஸ்டேப்ளர் தாளின் நடுவரை எட்டாது. ஜெராக்ஸ் கடையில் நீளக்கை ஸ்டேப்ளர் இருக்கும், 'சென்டர் பின்' என்று கேளுங்கள். நாங்கள் பின் அடிப்பதில்லை. மடிப்பில் மூன்று துளை போட்டு, சிவப்புக் காட்டன் நூலால் ஊசியில் தைக்கிறோம். நூல் நுனியை வெளியே விட்டு ஒரு சின்ன முடிச்சு. சுங்குடி விற்கிறவர்களுக்கு அந்த முடிச்சு பொருத்தமாக இருக்கிறது என்று ஓரகத்தி அக்கா சொன்ன யோசனை அது.

க்யூஆர் கோடு எவ்வளவு பெரிதாக வேண்டும்?

மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு. நிறம் கறுப்பாகவே இருக்கட்டும். ஸ்கேன் செய்தால் வரும் பெயரைக் கோடுக்குக் கீழே அச்சடியுங்கள். ஸ்டாலில் வைக்கும் அட்டையின் மேல் வேறு யாராவது தங்கள் கோடை ஒட்டிவிடும் மோசடி நடக்கிறது. பெயர் தெரிந்தால் வாங்குகிறவரே கண்டுபிடித்துவிடுவார்.

ஜிஎஸ்டி எண் போட வேண்டுமா?

பதிவு இருந்தால் போடுங்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்கிறவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் 'ஜிஎஸ்டி தனி' என்று எழுதி வரி வசூலிக்கக் கூடாது. பெங்களூருக்கோ மும்பைக்கோ கூரியரில் அனுப்புவதாக இருந்தால் விதி வேறு. கேட்டலாக்கில் 'இந்தியா முழுவதும் அனுப்புவோம்' என்று அச்சடிக்கும் முன் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

நாங்கள் சேலை இல்லை, முறுக்கு, பொடி, ஊறுகாய் விற்கிறோம். எங்களுக்கும் இதே முறைதானா?

பக்கம், படம், தாள் எல்லாம் இதேதான். கூடுதலாக, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து அந்த 14 இலக்க எண்ணைப் போட வேண்டும். நிகர எடை, சேர்த்த பொருள்கள், சைவம் என்றால் பச்சைக் குறி. நிலக்கடலையோ எள்ளோ சேர்ந்திருந்தால் தெளிவாகச் சொல்லுங்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. தயாரித்த தேதி பாக்கெட்டில் வர வேண்டும், கேட்டலாக்கில் வேண்டாம்.

எப்போது வேலையைத் தொடங்குவது?

விற்பனைக்கு ஐந்து வாரம் முன்பு. முதல் வாரம் சேலை தேர்வும் அளவெடுப்பும். இரண்டாம் வாரம் போட்டோ. மழை வந்தால் ஒருநாள் தள்ளிப்போகும், அதற்கும் இடம் விடுங்கள். மூன்றாம் வாரம் எழுத்தும் பக்கமும். நான்காம் வாரம் ப்ரூஃப். ஐந்தாம் வாரம் அச்சும் தையலும். ப்ரூஃபை இதில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நமக்குப் பழகிய கண்ணில் பிழை படாது.

வருகிற எல்லோருக்கும் கொடுக்கலாமா? மிஞ்சினால் என்ன செய்வது?

நடந்து போகிறவர்களுக்கெல்லாம் நீட்டினால் மாலையில் படிக்கட்டில் கிடக்கும். சேலையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள். கொடுக்கும்போது அவர் இரண்டு முறை எடுத்துப் பார்த்த சேலையின் எண்ணைப் பேனாவால் வட்டம் போட்டு, "இதுதானேம்மா பார்த்தீங்க?" என்று கேட்டுக் கொடுங்கள். மிஞ்சினவற்றை விற்ற சேலையின் கவருக்குள் ஒன்றொன்றாக வையுங்கள், விருந்தாளிகளுக்குச் சேலையைக் காட்டும்போது அதுவும் வெளியே வரும். அப்படியும் மிஞ்சினதை அரிசி டப்பா பக்கம் வைக்காமல், சேலை மாதிரியே மஸ்லின் துணியில் சுற்றிப் பீரோவில் வையுங்கள். பொங்கலுக்குப் புதிய விலைத்துண்டை மட்டும் செருகினால் போதும்.